நெளிகிற கோடு

அந்த மானிட்டருக்கு நான் வைத்த பெயர் சக்களத்தி. முப்பத்திரண்டு அங்குலம். வந்த அன்றைக்கே என் வெட்டுமேசையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. இரண்டே அறை உள்ள வீட்டில் இன்னொரு மேசைக்கு எங்கே போவது? நான் தையல்காரி. துணியை விரித்து, அளவு வைத்து வெட்ட எனக்கிருந்தது அந்த மேசை ஒன்றுதான். அன்றிலிருந்து தரையில் மண்டி போட்டுத்தான் வெட்டினேன். முட்டி இரண்டும் காய்த்துப்போயின. எரிச்சல் வராதா பின்னே?

இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், என் வீட்டுக்காரர் கண் விஷயத்தில் நான் செய்ததற்கு இதுதான் காரணம். பெரிய காரணம் வேறு எதுவும் கிடையாது. மேசை. அவ்வளவுதான்.

அவருக்குக் குழாய் வரைகிற வேலை. பத்து மாடி, இருபது மாடிக் கட்டடங்களில் தண்ணீர் எந்தச் சுவருக்குள் ஏறுகிறது, கழிவு எந்தச் சுவருக்குள் இறங்குகிறது என்று கம்ப்யூட்டரில் கோடு கோடாக இழுத்துக் கொடுப்பார். ஐம்பத்தெட்டு வயதில் ஆபீஸ்காரர்கள் வீட்டிலிருந்தே செய்யச் சொல்லிவிட்டார்கள். இருந்த சின்னத் திரையில் குழாய் எது சுவர் எது என்று தெரியவில்லை என்றார். மூன்று மாதம் விசாரித்து விசாரித்து இதை வாங்கிவந்தார். மகள் கல்லூரியில் கடைசி வருஷம். அவர் கண்ணும் கையும் ஓடினால்தான் வீடு ஓடும். அதனால் நானும் வாயை மூடிக்கொண்டேன்.

அதுவாவது ஒழுங்காக இருந்ததா? படம் என்னவோ கண்ணாடி மாதிரி துல்லியம்தான். ஆனால் எழுத்தெல்லாம் எறும்பு ஊர்வது போலப் பொடிப்பொடியாக வந்தது. பெரிதாக்கினால் அவருடைய பழைய புரோகிராமில் பட்டன்கள் கலங்கிப்போயின. காலையில் எழுப்பினால் இடது பாதி மட்டும் விழிக்கும். வலது பாதி கறுப்பாகவே கிடக்கும், இவர் கேபிளைப் பிடுங்கிச் செருகித் தாஜா செய்ய வேண்டும். அதோடு வந்த அந்தக் குட்டைக் கேபிளைத் தவிர வேறெதையும் அது ஏற்றுக்கொள்ளாது. கீழ் மூலையில் நீலமாக ஒரு புள்ளி, எப்போதும் அணையாது. “மச்சம்” என்று அவர் சிரிப்பார். சக்களத்திக்கு மச்சம் வேறு.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். நான் தையல் மெஷின் பெடலை மிதித்தால் போதும், அந்தத் திரை இரண்டு நொடி அணைந்து மறுபடி வரும்.

“ஏய், மறுபடியும் போச்சு!” என்று கத்துவார்.

“நான் என்ன பண்ணட்டும்? காலை வெட்டிப் போட்டுட்டுத் தைக்கவா?” என்று நானும் கத்துவேன்.

சர்வீஸ்காரர் வந்து பார்த்தார். அமைதியான மனிதர், பேச்சில் மரியாதை. “உங்க மெஷின் மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது கரண்டுல ஒரு உதறல் வருதுக்கா. சாதாரண டிவின்னா கண்டுக்காது. இது கொஞ்சம் செல்லம்” என்றார். செல்லமாம்! கடைசியில் என்ன ஆயிற்று? காலையிலிருந்து இரண்டு மணி வரை அவர் வேலை செய்ய வேண்டும், நான் மெஷினைத் தொடக் கூடாது. இரண்டு மணிக்கு மேல்தான் என் முறை. என் வீட்டில் என் மெஷினை மிதிக்க நான் நேரம் பார்க்க வேண்டியிருந்தது. சர்வீஸ்காரர் இன்னொரு தடவை வந்து வலது பாதியையும் விழிக்க வைத்துவிட்டுப் போனார். பிறகு ஒரு மாதம் பெரிதாகத் தொந்தரவு இல்லை.

அப்புறம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. பள்ளிக்கூடச் சீருடை நாற்பது உருப்படி ஒப்புக்கொண்டிருந்தேன், நாள் நெருங்கிவிட்டது. தரையில் துணியை விரித்து மண்டி போட்டிருந்தேன், வாயில் நாலு குண்டூசி.

“கொஞ்சம் இங்க வாயேன்” என்றார். “இந்தக் கோட்டைப் பாரு.”

“ம்?” என்றேன்.

“நேராத்தான் இழுக்கறேன். நடுவுல வந்ததும் தொங்கிப்போகுது. உனக்கும் அப்படித் தெரியுதான்னு பாரு. கோடு விஷயத்துல உன் கண்ணுதான் கண்ணு.”

அது முகஸ்துதி இல்லை. துணியில் ஒரு நூல் பிசகினாலும் எனக்குத் தெரிந்துவிடும். சுவரில் மாட்டின படம் சாய்ந்திருந்தால் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிடுவேன். அந்த நம்பிக்கையில்தான் கூப்பிட்டார். எழுந்து நாலு அடி நடந்தால் போதும். நான் எழுந்திருக்கவில்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வாயிலிருந்த குண்டூசிகளை மட்டும் எடுத்தேன்.

“ஆமா, வளையுது. போன வாரம் துடைக்கும்போதே பார்த்தேன். பாம்பு மாதிரி நெளியுது. சொன்னா நீங்க கேக்கவா போறீங்க? கொண்டுபோய்த் திருப்பிக் குடுத்துடுங்க.”

பச்சைப் பொய். போன வாரம் நான் அதைத் துடைக்கவே இல்லை. இந்தச் சனியன் ஒழிந்தால் மேசை கிடைக்குமே என்கிற ஒரே நினைப்புதான்.

அவர் நாற்காலியில் சாய்ந்து மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. “அப்பாடா! என் கண்ணுலதான் ஏதோ கோளாறுன்னு பயந்துட்டேன். கண் டாக்டர்கிட்ட போகலாமான்னு இருந்தேன்.”

“உங்க கண்ணுக்கு என்ன கேடு? அதுக்குத்தான் கேடு” என்று சொல்லிவிட்டுக் குண்டூசிகளைத் திரும்ப வாயில் வைத்துக்கொண்டேன்.

அப்போதாவது எழுந்து பார்த்திருக்கலாம்.

கடைக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் வைத்திருந்தார். அந்தப் பக்கம் ஒரு பெண், “வீட்ல வேற யாராவது பார்த்தாங்களா சார்?” என்று கேட்டாள். இவர் பெருமையாக, “என் மனைவி பார்த்தா. டெய்லர். அவ கண்ணுக்கு ஒண்ணும் தப்பாது” என்றார். எடுத்துக்கொண்டு பணத்தைத் திருப்பித் தருகிற நாளெல்லாம் தாண்டிவிட்டது, வேறு மானிட்டர் மாற்றித் தருகிறோம், வெளியூரிலிருந்து வர ஆறு வாரம் ஆகும் என்றாள். அதுவரை இதையே வைத்து ஓட்டச் சொன்னாள். மேசையும் கிடைக்கவில்லை எனக்கு.

ஒரு வாரம் கழித்து அவர் குளிக்கப் போயிருந்தார். திரையில் ஒரு மாடியின் படம் விரிந்து கிடந்தது. ஏதோ ஒரு உறுத்தலில் கிட்டே போய்ப் பார்த்தேன். அத்தனை கோடும் நேர். நூல் பிடித்த மாதிரி நேர். என் மர ஸ்கேலைக் கொண்டுவந்து வைத்தும் பார்த்தேன். பிசகே இல்லை.

சொல்லியிருக்க வேண்டாமா? சொல்லவில்லை. இந்தச் சக்களத்தி ஒரு நாள் இருப்பது போல இன்னொரு நாள் இருக்க மாட்டாளே, வலது பாதி வந்து வந்து போகவில்லையா, இதுவும் விட்டுவிட்டு வருகிற கோளாறாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தபோது, “டீ போடட்டுமா?” என்றுதான் கேட்டேன். சொன்ன பொய்யைத் திருப்பி எடுக்க எனக்கு வாய் வரவில்லை.

அந்த ஆறு வாரமும் அவர் படத்தை இடது பக்கம் தள்ளித் தள்ளி வைத்து வரைந்தார். ஒரு நாள் டம்ளரில் தண்ணீர் ஊற்றுகிறேன் என்று மேசையில் ஊற்றினார். “புது மாப்பிள்ளை நினைப்பா?” என்று கிண்டல் செய்தேன். அவரும் சிரித்தார். பிறகு ஆபீஸிலிருந்து ஒரு படம் திரும்பி வந்தது. ஏழாம் மாடியில் கழிவுக் குழாயை நல்ல தண்ணீர்க் குழாய்க்கு நடுவிலேயே ஓட்டியிருந்தாராம். முப்பது வருஷத்தில் அவருக்கு அப்படி ஒரு படம் திரும்பினதில்லை. இன்னொரு தடவை இப்படி வந்தால் வேலையை வேறு ஆளுக்கு மாற்ற வேண்டியிருக்கும் என்று எழுதியிருந்தார்கள். “மானிட்டர் சரியில்ல, புதுசு வருது” என்று பதில் எழுதினார். பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன் நான்.

புதுசும் வந்தது. சர்வீஸ்காரரே கொண்டுவந்து மாட்டினார். வலது பாதி உடனே விழித்தது, மச்சம் இல்லை. இவர் உட்கார்ந்து ஒரு கோடு இழுத்தார். முகம் செத்துப்போனது.

“இதுவும் வளையுது. நடுவுல கறுப்பா வேற இருக்கு. என்ன சார் விளையாடறீங்களா?”

சர்வீஸ்காரர் குனிந்து பார்த்தார், பையிலிருந்து ஒரு இரும்பு ஸ்கேலை எடுத்துத் திரை மேல் வைத்தார். “நேராத்தான் சார் இருக்கு. ஸ்கேலோட ஒட்டிப் பாருங்க.”

அவர் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார். பிறகு மெதுவாக, “ஸ்கேலே வளைஞ்சிருக்கே” என்றார்.

சர்வீஸ்காரர் ஸ்கேலைப் பைக்குள் வைத்தார். “சார், ஒரு கண்ணை மூடிட்டுப் பாருங்க. அப்புறம் இன்னொரு கண்ணு. எங்க பெரியப்பாவுக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுது” என்றார். இவர் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினார். “உன் முகம் தெரியல” என்றார்.

அன்று சாயங்காலமே கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். சொட்டு மருந்து விட்டு, படம் எடுத்து, கடைசியில் டாக்டரம்மா உள்ளே கூப்பிட்டார். மகளை விட ஏழெட்டு வயதுதான் கூட இருக்கும். வளைக்காமல் சொல்லிவிட்டார். கண்ணுக்குப் பின்னால் விழித்திரையில் கசிவு. வந்த இரண்டு மூன்று வாரத்தில் ஊசி போட்டிருந்தால் பெரும்பாலும் பிடித்து நிறுத்தியிருக்கலாம். இப்போது வலது கண்ணில் தழும்பு விழுந்துவிட்டது, நடுப் பார்வை திரும்ப வராது. இடது கண்ணிலும் இப்போதுதான் தொடங்கியிருக்கிறது, நாளைக்கே ஊசி போட்டுப் பார்க்கலாம்.

“கோடு வளையறது எப்போ தெரிஞ்சுது?”

“ரெண்டு மாசம் இருக்கும்.”

“அப்பவே ஏன் சார் வரல? படம் வரையறவர் நீங்க.”

“மானிட்டர்னு நினைச்சோம் டாக்டர். அதுல ஆரம்பத்துலேருந்தே ஆயிரம் கோளாறு.” பிறகு என்னைக் காட்டினார். “வரத்தான் இருந்தேன். ஆனா இவளும் பார்த்தா. இவளுக்கும் வளைஞ்சுதான் தெரிஞ்சுது. அதான் கண்ணு இல்லைன்னு விட்டுட்டேன்.”

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தினார். “உங்களுக்கும் வளைஞ்சு தெரிஞ்சுதா? எப்போலேருந்து?”

நான் முந்தானை ஓரத் தையலை நகத்தால் நிமிண்டினேன்.

“என்னம்மா இது, ரெண்டு பேரும் இப்படி அலட்சியமா இருந்திருக்கீங்க. இங்க வந்து உட்காருங்க” என்று தன் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டார். கட்டம் கட்டமாகக் கோடு போட்ட ஓர் அட்டை. நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி. என் இடது கண்ணை அவரே ஓர் அட்டையால் மறைத்தார்.

“புள்ளியையே பாருங்க. சுத்தி இருக்கிற கோடெல்லாம் நேரா இருக்கா? எங்கயாவது நெளியுதா?”

வளைகிறது என்று சொல்லிவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது. சொன்னால் எனக்கும் சொட்டு மருந்து விடுவார்கள், படம் எடுப்பார்கள், ஒன்றும் இல்லை என்பார்கள். அதுவரைக்குமாவது தப்பிக்கலாம். என் வீட்டுக்காரர் என் பக்கம்தான் திரும்பியிருந்தார். கவலையாக. எனக்கும் கண் போய்விடுமோ என்று அவருக்குக் கவலை.

“நேரா இருக்கு” என்றேன்.

“இந்தக் கண்ணு?”

“நேரா இருக்கு.”

“நல்லாப் பாருங்கம்மா.”

“எல்லாம் நேராத்தான் இருக்கு டாக்டர். எனக்கு எப்பவுமே நேராத்தான் இருந்துச்சு.”

டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. இவருக்குப் புரிந்தது. முகத்தைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பி, ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தார். இனிமேல் அவர் யாரையும் அப்படித்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

“அன்னைக்கு நீ திரும்பியே பார்க்கல, இல்ல?” என்றார்.

“இல்ல.”

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் காலில் விழுந்திருப்பேன். மறுநாள் இடது கண்ணுக்கு ஊசி போட்டுக்கொண்டு வந்தார். நாலு நாள் கழித்து ஆபீஸுக்குப் போன் போட்டு, இனிமேல் தன்னால் முடியாது, வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று தானே சொன்னார். பிறகு கட்டிலுக்கடியிலிருந்து புது மானிட்டரின் அட்டைப்பெட்டியை இழுத்தார். கேபிளைக் கழற்றிச் சுருட்டினார். மானிட்டரைத் தூக்க நான் கை கொடுக்கப் போனேன்.

“வேண்டாம். எனக்குத் தெரியுது” என்றார்.

பெட்டியை மூடிச் சுவரோரம் வைத்தார். ஒரு துணியை எடுத்து மேசையைத் துடைத்தார், தூசி இருந்த இடத்தைக் கையால் தடவித் தடவி.

“உன் மேசை. எடுத்துக்கோ.”

வேறொரு பள்ளிக்கூடத்துச் சீருடைத் துணியை விரித்தேன். எனக்கு வெட்ட வரவில்லை. முன்பே வெட்டிவைத்ததில் இரண்டு துண்டை எடுத்துக்கொண்டு மெஷினில் உட்கார்ந்தேன். மணி பதினொன்று. பழக்க தோஷம், கால் பெடல் மேலேயே நின்றது, அவருடைய நேரமாயிற்றே என்று. அவர் ஜன்னலோரம் நாற்காலி போட்டு, தலையைச் சாய்த்துத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மிதித்தேன். அவர் கத்தவில்லை.