நாற்காலியில் விட்டுப்போன உம்

“உம்னு சொன்னியா இல்லியா, மொதல்ல அதைச் சொல்லு!” என்று தீபக் கத்தினான்.

“நான் அங்க இல்லவே இல்லேங்கறேன், கைக்கு? எதுக்குக் கத்தறே?” என்று வித்யாலட்சுமி அவனுக்கு மேலே கத்தினாள்.

இரண்டு பேர் பக்கமும் உண்மை இருந்தது. 2006இல் மெல்போர்னில், தமிழ்ச் சங்கத்துக்காரர் ஒருவருடைய கார் ஷெட்டில் சண்டை நடந்துகொண்டிருந்தது. அன்று மத்தியானம் தீபக் அங்கேதான், நாடகக் குழுவின் மடக்கு நாற்காலி ஒன்றுக்கு முன்னால் நின்று கல்யாணப் பேச்சை எடுத்திருந்தான். வித்யாலட்சுமி அப்போது டிராம் ஏறிக் கடற்கரைக்குப் போயிருந்தாள். நாற்காலியில் இருந்தது அவளுடைய உம் மட்டும். அவள் இல்லாதது தீபக்குக்கு நன்றாகத் தெரியும். அவள் முகத்தைப் பார்த்துக் கேட்கத் தைரியம் வராததால்தான் அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்தான்.

திருமுல்கேரித் தமிழ் நாடகக் குழு வெளிநாடு போனது அந்த ஒரு வருஷம்தான். ரயில்வேயில் ஓய்வுபெற்ற சாரங்கபாணி குழுவின் தலைவர். அம்மா வேஷமெல்லாம் அவர் மனைவி விஜயகுமாரிக்கு. கதாநாயகன் ஹைடெக் சிட்டியில் வேலை பார்த்த தீபக். கதாநாயகி மாதாப்பூரில் சாஃப்ட்வேரில் இருந்த வித்யாலட்சுமி. குழுவுக்கு ஒரே சட்டம், யாரையும் தனியாக விடக்கூடாது. ஒருவர் பற்பசை வாங்கக் கிளம்பினால் கூடவே நான்கு பேர் செருப்பு மாட்டினார்கள். நம் திருமுல்கேரிக் காலனியில் ஒரு பெண் தனியாக உட்கார்ந்திருந்தால் அதற்கு இரண்டே காரணம், காய்ச்சல் அல்லது கோபம். கோலாலம்பூர் விடுதி ஜன்னலோரம் வித்யாலட்சுமி அப்படி உட்கார்ந்ததும் விஜயகுமாரி வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். “கோவமாம்மா?” “இல்ல ஆன்ட்டி.” “வயிறு சரியில்லையா?” “நல்லா இருக்கு ஆன்ட்டி.” “பின்ன ஏன் ஒண்டியா உக்காந்திருக்கே?” அடுத்து தீபக் மாத்திரையோடு வந்தான். கடைசியில் மொத்தக் குழுவும் ரைஸ் குக்கரைத் தூக்கிக்கொண்டு வந்து அவளைச் சுற்றி உட்கார்ந்தது. “சும்மா கொஞ்ச நேரம் தனியா இருக்கணும்னு தோணிச்சு அங்கிள்” என்று அவள் கெஞ்சினாள். “அதுக்கென்னம்மா, தாராளமா இரு. நாங்களும் கூடவே இருக்கோம்” என்றார் சாரங்கபாணி.

சிங்கப்பூரில் உம் கழன்றது. சாரங்கபாணி தான் இளவயதில் ராஜபார்ட் போட்ட கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். உம் கொட்டிக்கொண்டிருந்தவள் குளியலறைக்கு எழுந்து போனாள். திரும்பி வந்து பார்த்தால் அவளுடைய காலி மடக்கு நாற்காலியிலிருந்து உம் அதன் பாட்டுக்கு வந்துகொண்டிருந்தது, நீட்ட வேண்டிய இடத்தில் நீட்டி, இறக்க வேண்டிய இடத்தில் இறக்கி. சாரங்கபாணி கவனிக்கவே இல்லை. மறுநாளிலிருந்து, பாலுக்கு உறை ஊற்றிவிட்டுப் போவதைப்போல, அவள் நாற்காலியில் சற்று உட்கார்ந்து நாலு உம் கொட்டிவிட்டுக் கிளம்பிப் போகத் தொடங்கினாள். விஷயம் தெரிந்தபோது யாருக்கும் பெரிய ஆச்சரியம் இல்லை. வித்யாலட்சுமி கதை கேட்கும்போது கண் கடிகாரத்தின் மேல் இருக்கும். உம்முக்கு அந்தக் கெட்ட பழக்கம் கிடையாது. அதற்கு ஒரு டம்ளர் காபி வைத்தார்கள், வேனில் இடம் விட்டார்கள். அவள் ஊர் ஊராகத் தனியே நடந்தாள். எனக்கொரு வாய் கொடு என்று யாரும் கேட்காமல் ஒரு முழு ஐஸ்கிரீம் சாப்பிட்டாள். முகம் தெளிந்துவிட்டது என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள்.

தொல்லை எங்கே வந்ததென்றால், அவள் திரும்பி வரும்போது அவளுக்கென்று ஒன்றும் மிச்சமில்லை. ஜோக்கெல்லாம் சொல்லி, சிரித்து, முடிந்திருக்கும். என்ன ஆச்சு என்று கேட்டால், “அதான் உன்கிட்ட அப்பவே சொன்னேனே” என்று விஜயகுமாரி முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அது மட்டுமா, அடுத்த வருஷம் துபாய்க்கு வருவதாகச் சாரங்கபாணிக்கு உம் வாக்குக் கொடுத்துவிட்டது. அம்மா வேஷத்துக்கு அவளுடைய காஞ்சிபுரம் பட்டைத் தருவதாக விஜயகுமாரிக்கும் வாக்குக் கொடுத்தாகிவிட்டது. இப்போது தீபக்.

கார் ஷெட்டில் எல்லோரும் தீபக் பக்கம். பாதி மீசை ஒட்டிய முகத்தோடு சாரங்கபாணி தீர்ப்புச் சொன்னார்: “உன் உம் சொன்னா நீ சொன்ன மாதிரிதானேம்மா?” தீபக்கின் அம்மாவுக்குப் போன் போய், திருமுல்கேரியில் பாதிப் பேர் மைசூர்பாகு தின்றாகிவிட்டது. தின்றதை இல்லை என்று சொல்ல முடியாது. வித்யாலட்சுமி நாற்காலியைப் பார்த்தாள். “தீபக்கைக் கட்டிக்கறியா?” என்று கேட்டாள். “உம்” என்றது. “அங்கிளைக் கட்டிக்கறியா?” “உம்.” “இந்த ஷெட்டைக் கொளுத்திடலாமா?” “உம்ம்” என்று அதே பிரியத்தோடு நீட்டியது. ஷெட்டுக்காரர் அவசரமாகத் தீப்பெட்டியை எடுத்து உள்ளே வைத்தார்.

“தீபக், இப்போ நான் இங்கதான் இருக்கேன். என்கிட்ட கேளு” என்றாள். அவன் தரையைப் பார்த்தான், சாரங்கபாணியின் மீசையைப் பார்த்தான், நாற்காலியைக்கூடப் பார்த்தான். கடைசியில் இவளைப் பார்த்து, பாதி வார்த்தையை விழுங்கியபடி கேட்டான். “நக்கோ தீபக், வேண்டாம்” என்றாள், கத்தாமல். துபாய் கிடையாது, பட்டுப்புடவை கிடையாது என்பதையும் அதே மூச்சில் சொன்னாள். பிறகு, “ஷோவுக்கு டைமாச்சு, எல்லாரும் சேர்ந்து போலாம் வாங்க” என்று முதல் ஆளாக வேனில் ஏறினாள். அன்றைய காதல் காட்சிக்கு விழுந்த கைதட்டலைப் போல முன்பும் விழுந்ததில்லை, பின்பும் விழவில்லை.

உம் அவளிடம் திரும்பவில்லை, அவளும் கூப்பிடவில்லை. நாற்காலியோடு விமானத்தில் வந்து ஒத்திகை ஹாலில் தங்கிவிட்டது. சாயந்திரங்களில் மருமகளைப் பற்றிச் சொல்ல வேண்டியவர்கள் வரிசையில் வருகிறார்கள்; தரையைத் துடைப்பவள் அதைச் சுற்றித் துடைக்கிறாள். வித்யாலட்சுமியால் இப்போது உம் கொட்ட முடியாது. எதற்கும் ஆமாம், இல்லை, தெரியவில்லை என்று முழுதாகத்தான் பதில் வரும். அதைத் திமிர் என்று சொல்பவர்கள் காலனியில் உண்டு.

தீபக் 2008இல் மௌலா அலி ஏரியாப் பெண் ஒருத்தியைக் கட்டிக்கொண்டு டல்லாஸ் போனான். அவள் அவனை ஒரு வாக்கியம் முடிக்க விடுவதில்லை என்று கேள்வி. சாரங்கபாணியும் விஜயகுமாரியும் புனேயில் மகன் வீட்டில் இருக்கிறார்கள். வித்யாலட்சுமி 2011இல் விசாகப்பட்டினத்துத் தெலுங்குப் பையனை மணந்து அங்கேயே போய்விட்டாள். அவன் கப்பலில் இன்ஜினியர், ஆறு மாதம் கடல், ஆறு மாதம் வீடு. அவன் கப்பலுக்குக் கிளம்பும் நாளில் வாசலில் நின்று அழுகிறாளாம். திரும்பி வரும் நாளிலும் கொஞ்சம் அழுகிறாளாம்.