பட்டியலில் இல்லாத கோரிக்கை

கார் பாலத்தின் மேல் ஏறியபோது ஒராசியோ பெல்ட்ரான் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "ரொம்ப நன்றி ஷுலான். மூணு மாசமா நெஞ்சுல கிடந்த பாரம் இன்னிக்கு எறங்கிருச்சு" என்றார்.

யின் ஷுலான் இதை வழக்கமான உபசாரமாகவே எடுத்துக்கொண்டாள். ஊரைவிட்டுப் போகிற தூதர்கள் மொழிபெயர்ப்பாளருக்கும் ஒரு நன்றி சொல்லிவிட்டுத்தான் போவார்கள். "உங்களுக்கு உதவ முடிஞ்சதுல எனக்கும் சந்தோஷம்" என்று ஸ்பானிய மொழியில் பதில் சொன்னாள்.

"கிரசியேலாவுக்கு இடம் கொடுத்துட்டாங்களே. துணை மேயரே தன் வாயால சொல்லிட்டாரு. இனி நான் நிம்மதியா பிளைட் ஏறுவேன்."

கீழே ஆற்றின் கலங்கிய மஞ்சள் நீரில் மணல் படகுகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. ஷுலான் அவற்றையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

பெல்ட்ரான் உருகுவே நாட்டின் துணைத் தூதர். ஐந்து வருடம் அந்தச் சீன நகரத்தில் இருந்துவிட்டு வெள்ளிக்கிழமை ஊர் திரும்புகிறார். போவதற்கு முன் நகரத் தலைவர்களிடம் விடைபெற வேண்டும், திங்கள் துணை மேயர், புதன் மேயர். ஒவ்வொரு சந்திப்பும் சரியாக இருபது நிமிடம். இரண்டு பெரிய சோபா, பின்னால் சுவரை அடைத்துக்கொண்டு ஒரு மலை ஓவியம், நடுவில் பூக்கள். சோபாக்களுக்குப் பின்னால் கைப்பிடியில்லாத நாற்காலியில் நகரத்தின் வெளியுறவு அலுவலகத்து மொழிபெயர்ப்பாளரான ஷுலான். யார் என்ன பேசப்போகிறார்கள் என்பது மூன்று நாள் முன்பே எழுத்தில் பரிமாறப்பட்டுவிடும். பதினேழு வருட வேலையில் பதினோரு தூதர்களை அவள் இப்படி வழியனுப்பியிருக்கிறாள். எல்லோரும் தங்கள் இதயத்தில் பாதியை இந்த நகரத்திலேயே விட்டுச் செல்வதாகத்தான் சொன்னார்கள். அத்தனை பாதிகளையும் சேர்த்தால் ஒரு ஆஸ்பத்திரியே திறக்கலாம்.

இன்றும் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. பதினெட்டாவது நிமிடம் துணை மேயர் கூ, எல்லா விருந்தினரிடமும் கேட்பதுபோல், "வேற ஏதாவது வேணும்னா கூச்சப்படாம சொல்லுங்க" என்றார். அதற்கு யாரும் பதில் சொல்வதில்லை. ஒன்றும் வேண்டாம், உங்கள் அன்பே போதும் என்று எழுந்துவிடுவார்கள். பெல்ட்ரான் எழவில்லை. போன குளிர்காலத்தில் இறந்துபோன தன் மனைவியின் அஸ்தி மின்மயானத்துப் பெட்டகத்தில் இருப்பதாகவும், அதை ஆற்றோரக் குன்றில் உள்ள கல்லறைத் தோட்டத்தில் புதைக்க விரும்புவதாகவும், இந்த நகரத்தில் குடிப்பதிவு உள்ளவர்களுக்கு மட்டுமே அங்கே இடம் என்று சொல்லிவிட்டதால் நகரம் தனக்காக அந்த விதியைத் தளர்த்த முடியுமா என்றும், பள்ளிக்கூடப் பையன் ஒப்பிப்பதைப் போல நிறுத்தி நிறுத்திக் கேட்டார்.

அது பட்டியலில் இல்லை. பட்டியலில் இல்லாததைக் கேட்டால் தலைவர் விருந்தாளியின் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்ல வேண்டும், அல்லது யாரையும் கலக்காமல் சரி என்று சொல்ல வேண்டும். இரண்டும் கடைசியில் மொழிபெயர்ப்பாளர் தலையில்தான் விடியும். அதனால் ஷுலான் எப்போதும் செய்வதைச் செய்தாள். "இவரோட மனைவிக்கு இந்த ஊர்னா உயிர். அவங்க நினைவு என்னிக்கும் இங்கேயே இருக்கும், நீங்கதான் பாத்துக்கணும்னு சொல்றாரு" என்றாள்.

கூ சோபாக் கைப்பிடியைத் தட்டினார். "அதுக்கென்ன, கவலையே படாதீங்க. இது அவங்க ஊரு. இங்கேயே இருக்கட்டும், நாங்க பாத்துக்கறோம்."

இதை மட்டும் அவள் ஒரு எழுத்துக் குறையாமல் பெல்ட்ரானிடம் சொன்னாள். கேள்வியின் காலை வெட்டிவிட்டுப் பதிலை முழுசாகத் தூக்கி வந்தது அந்த நேரத்தில் அவளுக்கு உறைக்கவே இல்லை. காரில் ஏறியதும், இதற்கெல்லாம் கடிதம் எழுதித்தான் கேட்க வேண்டும் என்று பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தாள். அதற்குள் அவர் நன்றியைச் சொல்லிவிட்டார்.

கிரசியேலாவை அவளுக்குத் தெரியும். தூதர் குடியிருப்புக்குக் கீழே இருந்த சதுக்கத்தில் மாலைதோறும் ஒலிபெருக்கி வைத்து ஆடும் பெண்களோடு நாலு வருடம் ஆடியவள். கடைசி வரிசை, கடைசி ஆள். எல்லோரும் இடப்பக்கம் திரும்பினால் அவள் வலப்பக்கம் திரும்புவாள். ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அந்தப் பெண்கள் முறைபோட்டுக்கொண்டு தாமரைக்கிழங்கும் எலும்பும் போட்ட சூப்பைத் தூக்குவாளியில் கொண்டுவந்தார்கள். மருத்துவர் பேசுவதை மொழிபெயர்க்க அலுவலகம் ஷுலானைத்தான் அனுப்பியது. முதல் நாளே அவள் கையைப் பிடித்துக்கொண்டு கிரசியேலா சொன்னாள்: "டாக்டர் சொல்றத அப்படியே சொல்லு. பூசி மெழுகாதே. அழறதா இருந்தா நான் அழுதுக்கறேன்." குழந்தைகள் இல்லை. சொந்த ஊரில் கூடப்பிறந்தவர்களும் இல்லை. "அங்க என்னைத் தெரிஞ்சவங்க யாரு இருக்கா? இங்கேயே வெச்சிரு" என்று புருஷனிடம் அவள் சொன்னதும் ஷுலானின் முன்னால்தான்.

செவ்வாய்க்கிழமை காலை பிரிவுத் தலைவர் பெங்கின் அறைக்குப் போய் நடந்ததைச் சொன்னாள். பெங் நல்ல மனிதர், யாரிடமும் குரலை உயர்த்தாதவர். தெர்மாஸ் குடுவையிலிருந்து வெந்நீர் ஊற்றிக்கொண்டே முழுவதையும் கேட்டார்.

"அந்தாளு வெள்ளிக்கிழமை போயிடுவாரு. அப்புறம் யாரு வந்து கேக்கப்போறா?"

"நாளைக்கு மேயர்கிட்டயே நன்றி சொல்லுவாரு. சொல்லாம இருக்க மாட்டாரு."

"சொன்னா நீ வேற ஏதாவது சொல்லிடு. பதினேழு வருஷமா அதைத்தானே செய்யறே?"

அவர் குத்திக்காட்டவில்லை. பாராட்டாகத்தான் சொன்னார். ஷுலானுக்கு அதுதான் தாங்கவில்லை. தன் மேசைக்குத் திரும்பி வந்து, மேயருக்கான பேச்சுக் குறிப்பை மூன்று தடவை தட்டச்சு செய்தாள். மூன்று தடவையும் அதே பிழையை விட்டாள்.

புதன்கிழமை மேயர் ஃபான் பெல்ட்ரானின் கையை வழக்கத்தைவிட நீண்ட நேரம் குலுக்கினார். பழைய நண்பர் என்றார். பக்கத்து வரிசையில் துணை மேயர் கூ, அவருக்கு அடுத்து பெங், எதிர்ப்பக்கம் தூதரகத்து ஆட்கள். மாட்டிறைச்சி இறக்குமதி, பள்ளி மாணவர் பரிமாற்றம், அரை இதயம் என்று எல்லாம் வரிசைப்படி முடிந்தது. பிறகு பெல்ட்ரான் சோபாவில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். என் மனைவியைப் புதைக்க இடம் தருவதாகத் திங்கட்கிழமை துணை மேயர் வாக்குக் கொடுத்தார், நான் வாழ்நாளில் வாங்கிய பெரிய பரிசு இதுதான், உங்களுக்கும் நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன் என்றார்.

பெங் அவளைப் பார்த்தார். சொல்வதற்கு வாக்கியம் தயாராகவே இருந்தது. இந்த நகரம் தந்த அன்பே பெரிய பரிசு என்று ஒரே மூச்சில் முடித்துவிடலாம், எல்லோரும் கைதட்டிவிட்டுப் புகைப்படத்துக்கு எழுந்துவிடுவார்கள். அவளுக்குப் பயமாக இருந்தது. மகளின் பள்ளிக்கூடம், அலுவலகம் கொடுத்த வீடு, எல்லாம் ஒரு நொடியில் வந்து போயின. பிறகு அவர் சொன்னதை அப்படியே சொன்னாள். இடம், புதைக்க, வாக்கு, ஒன்றையும் விடவில்லை.

மேயர் மெதுவாகக் கூவின் பக்கம் திரும்பினார். கூ முதலில் ஷுலானைப் பார்த்தார், பிறகு பெல்ட்ரானின் முகத்தைப் பார்த்தார். விருந்தாளியின் எதிரில், மேயரின் எதிரில், ஐந்து வருடப் பழைய நண்பரை யாரால் பொய்யர் ஆக்க முடியும்? கவலைப்படாதீங்க, இங்கேயே இருக்கட்டும் என்று அவர் சொன்னதும் உண்மைதான்.

"ஆமா, சொன்னேன்" என்றார் கூ. "ஏற்பாடு நடந்துக்கிட்டிருக்கு."

"சீக்கிரம் முடிச்சுக் கொடுங்க. அவரு வெள்ளிக்கிழமை கிளம்பறாரு" என்றார் மேயர்.

மூன்று மாதம் இழுத்திருக்க வேண்டிய அனுமதி அன்று பிற்பகல் மூன்று மணிக்கே மூன்று முத்திரைகளோடு வந்து சேர்ந்தது. அதைக் கொடுத்த கையோடு பெங் சொன்னார்: "திங்கட்கிழமைலேர்ந்து நீ சந்திப்பு அறைக்கு வர வேண்டாம். எந்தப் பிரிவுன்னு அப்புறம் சொல்றேன்." கதவு வரை போய்த் திரும்பினார். "எனக்கும் அது கஷ்டமாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மாலை காரில் ஷுலான் பெல்ட்ரானிடம் எல்லாவற்றையும் சொன்னாள். திங்கட்கிழமை அவருடைய கேள்வியைத் துணை மேயரிடம் தான் சொல்லவே இல்லை என்றும் சொன்னாள். மன்னித்தேன் என்று அவர் சொல்வார் என்று உள்ளுக்குள் எதிர்பார்த்தாள். அவர் சொல்லவில்லை. வீடு வரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கும்போது அதிகாரிகளுக்குக் கொடுப்பதுபோல் கை கொடுத்தார். "நாளைக்குக் கல்லு செதுக்கறவன்கிட்ட போகணும். உங்களை விட்டா எனக்கு வேற ஆள் இல்ல" என்றார்.

கல் செதுக்குகிறவனின் பட்டறை குன்றின் அடிவாரத்தில் இருந்தது. பெயர் லுவோ, ஐம்பது வயது, உடம்பெல்லாம் வெள்ளைத் தூசி. மேயர் அலுவலகத்திலிருந்து போன் வந்ததாம், ராத்திரியே கல்லை எடுத்து வைத்துவிட்டானாம். சீன எழுத்திலும் ஸ்பானிய எழுத்திலும் கிரசியேலாவின் பெயர் முடிந்திருந்தது. பக்கத்தில் தன் பெயரையும் செதுக்க வேண்டும் என்றார் பெல்ட்ரான். லுவோ அதையும் செதுக்கினான். மதியத்துக்குள் ஆயிற்று. பிறகு இரண்டு கிண்ணங்களில் சாயம் கலக்கினான். கிரசியேலாவின் எழுத்துகளில் பொன் சாயத்தை நிரப்பிவிட்டு, மற்ற தூரிகையைச் சிவப்பில் தோய்த்தான்.

"இந்தாளு உயிரோடதானே இருக்காரு? அப்ப சிவப்புதான். செத்தப்புறம் சுரண்டிட்டுப் பொன் போடணும்." ஒரு எழுத்தை நிரப்பிவிட்டு நிமிர்ந்தான். "அக்கா, ஒண்ணு கேக்கணும். அவரு அவ்ளோ தூரம் போயிட்டா, செத்தா எங்களுக்கு எப்படித் தெரியும்? யாரு வந்து சொல்லுவாங்க?"

"என்ன கேக்கறான்?" என்றார் பெல்ட்ரான்.

ஷுலான் ஒரு வார்த்தையும் மாற்றவில்லை. "நீங்க செத்தா யாரு வந்து சொல்லுவாங்கன்னு கேக்கறான்."

பெல்ட்ரான் கல்லைப் பார்த்தார். பிறகு நேற்றிலிருந்து முதல் தடவையாக அவள் முகத்தை நேராகப் பார்த்தார்.

ஷுலான் லுவோவிடம் திரும்பி, "நான் வந்து சொல்றேன்" என்று தன் கைப்பேசி எண்ணை ஒவ்வொரு இலக்கமாகச் சொன்னாள். அவன் சுற்றுமுற்றும் காகிதம் தேடினான், கிடைக்கவில்லை. கையிலிருந்த தூரிகையாலேயே, சுண்ணாம்பு உதிர்ந்த சுவரில், தச்சன், சிமெண்ட் கடை, வண்டிக்காரன் எண்களுக்குக் கீழே அதையும் சிவப்பில் எழுதினான். கடைசி இலக்கத்தில் சாயம் கூடிப்போய் ஒழுக ஆரம்பித்தது. கட்டை விரலால் துடைத்துவிட்டு, மறுபடி ஒருமுறை நிதானமாக எழுதினான்.