மணல் சலிக்க மாட்டாள்

"கை மேலே போகாத பூச்சுக்காரியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? கூரை பூச முடிந்தால் வரட்டும். இல்லையா, மணல் சலிக்கட்டும்." மேஸ்திரி இப்படிச் சொல்லி அனுப்பியதிலிருந்து பூச்சக்காவுக்குச் சோறு இறங்கவில்லை.

சாரத்திலிருந்து விழுந்தவளுக்கு எலும்பு எதுவும் முறியவில்லை. ஆனால் பயம் விடவில்லை. வைத்தியர் கட்டை அவிழ்க்கச் சொன்ன பிறகும் கையைத் துணியில் தொங்கவிட்டே வைத்திருந்தாள். வலி போயிற்று; தோள் துருப்பிடித்த கீலாயிற்று. தலை பின்னக்கூட வீட்டுக்காரரின் தயவு வேண்டியிருந்தது.

"விரலை நண்டு மாதிரி சுவர்ல ஏத்துங்கக்கா," என்றாள் ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கும் பெண்.

ஏற்றியவள் பாதியில் நின்று சுவரைத் தடவினாள். "எந்தப் புண்ணியவான்மா இதைப் பூசினான்? தொப்பை போட்டிருக்கு."

"சுவரை விடுங்க. உங்க கை எங்க ஏறுது? குதிகால்தான் ஏறுது!"

பூச்சக்கா குனிந்து பார்த்தாள். எட்டாததை எட்டக் குதிகாலைத் தூக்கி, இடுப்பை வளைத்து, தோளைக் காதோடு ஒட்டிக்கொள்வது சாரத்தில் பழகிய வித்தை. வீட்டிலும் இப்படித்தான் ஏறி, சுவரில் குறித்துவைத்த கரிக்கோட்டைத் தாண்டிவிட்டேன் என்று அக்கம்பக்கமெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தாள். தோள் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்திருக்கிறது.

பெண் அவளை நாற்காலியில் உட்காரவைத்தாள். "முதல்ல தோள்பட்டை பின்னாடி போய்க் கீழ இறங்கணும். அப்புறம்தான் கை ஏறணும்."

மூக்குக்கு நேரே வந்ததும் கை நின்றுவிட்டது. "ஏறுடி சனியனே!" என்று தன் கையையே ஏசினாள் பூச்சக்கா.

அதன் பிறகு வீட்டில் ஏமாற்று இல்லை. ஜன்னல் கம்பியில் ரப்பர் பட்டையைக் கட்டி, விலாவுக்கும் முழங்கைக்கும் நடுவே துண்டை இடுக்கிக்கொண்டு இழுத்தாள். துண்டு விழுந்தால் அந்த இழுப்பு செல்லாது. மல்லாந்து படுத்து, இரு கையாலும் கோலைப் பிடித்து, நல்ல கையால் முடங்கிய கையைத் தலைக்குப் பின்னே தள்ளினாள். கண்ணில் பூச்சி பறந்தது.

"விடேன்டி. நான் கொண்டு வர்றது போதாதா?" என்றார் வீட்டுக்காரர்.

"வயித்துக்குப் போதும். என் கைக்குப் போதாது."

"மறுபடி விழுந்து தொலைச்சா?"

"விழுந்தா விழறேன். சல்லடையைக் கட்டிக்கிட்டு அழமாட்டேன்."

அவர் முனகிக்கொண்டே நழுவிய துண்டை எடுத்துக் கொடுத்தார்.

குதிகால் எழாமலே கை கரிக்கோட்டைத் தொட்ட பிறகு, வேலைக்குத் திரும்பிய காலையில் மேஸ்திரி விரலை மட்டும் நீட்டினார். "சல்லடை அங்க இருக்கு."

"இருக்கட்டும், அது எங்க ஓடப்போகுது?" என்றபடி பூச்சக்கா சாரத்தில் ஏறினாள்.

"யம்மா, விளையாடாத! இறங்கு!"

தோள்பட்டையை இறக்கினாள். கையை உயர்த்தினாள். வீசிய முதல் கலவை கூரையில் ஒட்டாமல் மேஸ்திரியின் தோளில் போய் அப்பியது. சித்தாள்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"இதுக்குத்தான் சொன்னேன்!" என்று கத்தினார் அவர்.

குதிகால் தூக்கச் சொல்லி அரித்தது. அதைப் பலகையோடு அழுத்திக்கொண்டாள். தோளுக்குள் தீ வைத்தாற்போல் எரிந்தது. இரண்டாவது வீச்சு கூரையில் 'சளப்'பென்று ஒட்டிக்கொண்டது. கரணையால் அழுத்தி இழுத்தாள், வழுவழுவென்று படிந்தது.

மேஸ்திரி அண்ணாந்து பார்த்தபடியே நின்றார்.

"தள்ளி நில்லுங்க மேஸ்திரி, இன்னும் விழும்," என்றவள் கீழே திரும்பினாள். "அங்க என்னடி வேடிக்கை? கலவையைக் குடு!"