கத்தி படாத பாளம்

1

நிச்சயத்தன்று பெண் வீட்டில் இருந்தவர்கள்: பெண்ணின் அப்பா லுவாங், அம்மா ஞான், பெண் தோவா. எங்கள் பக்கம் மாப்பிள்ளை ராடோவான், அவன் அம்மா ஒதீலியா, பெரியப்பா வெண்டெலின். சீர்த்தட்டு தூக்க எங்கள் ஊர்த் தீயணைப்புப் படையிலிருந்து மணமாகாத ஐந்து பேர், சீருடையில். (ஐந்தாமவன் விவாகரத்து ஆனவன். வேறு ஆள் கிடைக்காததால் அவனையும் சேர்த்துக்கொண்டோம்.) தட்டு வாங்க அவர்கள் பக்கம் ஐந்து பெண்கள். சுவர் மாடத்தில் லுவாங்கின் காலமான தந்தை, படமாக.

வேறு யாரும் இல்லை. குறிப்பாக, பேருந்து நிறுத்தத்தில் இந்தக் கதையை நாள்தோறும் சொல்லிக்கொண்டிருக்கும் பவுலினா அங்கே இல்லை. வாசகர் இதைக் கடைசிவரை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

வெண்டெலின் என்பது நான்தான். ஆனால் தன்னைப் பற்றித் தானே எழுதுகிறவன் ஒன்று பெருமை அடிப்பான், இல்லையென்றால் அழுவான். இரண்டும் எங்கள் வீட்டு வழக்கம் இல்லை. ஆகவே கதைக்குள் அவரை 'அவர்' என்றே எழுதுகிறேன்.

2

இது கதையாகப் பிறக்கவில்லை. டோல்னி குபினில் எங்கள் முதியோர் வாசிப்பு வட்டத்தில் ஆளுக்கொரு தலைப்பு கொடுத்துக் கட்டுரை கேட்டார்கள். எனக்கு வந்தது: 'நம் வட்டாரத்தில் ஸ்லோவாக் குடும்பங்களும் ஆசியக் குடும்பங்களும்: பொருளாதார நிலை, ஓர் ஒப்பீடு.' எனக்குச் சம்பந்தம் ஏற்பட்ட இடம் தெரிந்து கொடுத்த தலைப்பு என்று நினைக்கிறேன். நான் கேட்கவில்லை. தாளை இரண்டாகக் கோடு போட்டுப் பிரித்தேன்.

வீடு: எங்களுக்குச் சொந்தம். அவர்களுக்குக் கடைக்கு மேலே வாடகை.
வண்டி: அவர்கள் வாசலில் நின்றது பெரியது. எங்களுடையது ஓடும்.
நிலம்: எங்களுக்குக் காட்டில் பங்கு. அவர்களுக்கு ஜன்னலில் கொத்தமல்லித் தொட்டி.
ஞாயிறு: எங்களுக்கு உண்டு. அவர்களுக்கு இல்லை.

இந்த வரியில் பேனா நின்றுவிட்டது. ஞாயிற்றுக்கிழமையைச் சொத்தாகக் காட்டுவதா, செலவாகக் காட்டுவதா? எங்களுக்கு இருப்பதால்தான் நாங்கள் இப்படி இருக்கிறோமா, அவர்களுக்கு இல்லாததால்தான் அவர்கள் அப்படி இருக்கிறார்களா? பொருளாதாரம் படித்தவர்களுக்குத் தெரிந்திருக்கலாம். நான் தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் கதை எழுதத் தொடங்கினேன்.

3

தொடக்கம் எளிதில் அமையவில்லை.

'பிப்ரவரிப் பனியில் ஓராவா ஆறு உறைந்து' என்று ஆரம்பித்து விட்டுவிட்டேன். ஆற்றுக்கு இந்தக் கதையில் வேலை இல்லை.

'எங்கள் குடும்பம் யாரிடமும் கை நீட்டியதில்லை' என்று அடுத்து எழுதினேன். உண்மைதான். ஆனால் சண்டைக்கு இழுப்பதுபோல் இருந்தது.

கொழுப்பிலிருந்து தொடங்குவதே நேர்மை. எங்கள் ஊரில் ஒரு வீட்டின் நிலையை அறிய வங்கிக்குப் போக வேண்டாம். குளிர்காலத்தில் பன்றி அடிக்கும் நாளன்று அதன் முதுகுக் கொழுப்பின் பருமனை விரல் வைத்துப் பார்த்தால் போதும். மூன்று விரல் இருந்தால் மரியாதையான வீடு. நான்கு இருந்தால் அண்டை வீட்டார் என்ன தீவனம் என்று விசாரிப்பார்கள். அந்த ஆண்டு வெண்டெலின் வீட்டுப் பன்றி ஐந்து விரல் காட்டியது. அவர் அந்தக் கொழுப்பைத் தோலோடு ஒரே பாளமாக எடுத்து உப்பிட்டு, தோலில் ஓட்டை போட்டுக் கயிறு கட்டி, புகைக்கூண்டில் தொங்கவிட்டார். ஒரு துண்டுகூட நறுக்கவிடவில்லை.

காரணம் இருந்தது. ராடோவானின் அப்பா, அதாவது வெண்டெலினின் தம்பி, உயிரோடு இல்லை. பையனுக்கு ஆலையில் ஷிஃப்ட் வேலை. தோவா மருந்துக்கடையில் மருந்தாளுநர். அவள் அப்பா மளிகைக்கடை முதலாளி. 'பணக்கார வீட்டுக்குப் போறான் பையன்' என்று ஊர் பேசியது. எண்பதுகளில் லுவாங் இங்கே ஆலைப் பயிற்சிக்கு வந்தபோது குளிருக்குக் கால்சட்டை மேல் கால்சட்டை போட்டுக்கொண்டு நடந்ததைப் பார்த்துச் சிரித்த அதே ஊர்தான். வெண்டெலினுக்குப் பெண்ணின் மேல் ஒரு குறையும் இல்லை. தம்பி மகன் ஏறிப் போகிறான் என்ற அந்தச் சொல்தான் குத்தியது.

நிச்சயத்துக்கு ஐந்து தட்டு, சிவப்புத் துணி, மூடியோடு கொண்டுவர வேண்டும் என்று தன் அம்மா சொன்னதைத் தோவா வந்து சொல்லியிருந்தாள். வெற்றிலை பாக்குத் தட்டுக்கு வேண்டியதை அவளே தலைநகரிலிருந்து வரவழைத்தாள். மற்ற தட்டுகளில் கேக், முறுக்குச் சாட்டைபோல் பின்னிய பாலாடைக்கட்டி, பிளம் சாராயம். முதல் தட்டில் பாளம்.

"பெரியப்பா, அங்க வந்து ரொம்பப் பேசாதீங்க," என்றான் ராடோவான், காரில்.

"நான் எதுக்குப் பேசறேன். பாளம் பேசும்."

"இப்பவே பேசுது அத்தான்," என்று பின்னிருக்கையில் ஒதீலியா ஜன்னலை இறக்கினாள்.

4

கடைக் கதவில் 'இன்று மூடல்' என்று தாள் ஒட்டியிருந்தது. தீயணைப்புப் படை மாடிப்படியில் வரிசையாக ஏறியது. தட்டுகளை மாடத்துக்கு முன் வைத்தார்கள். லுவாங் ஊதுவத்தி ஏற்றினார். ஐந்து விரல் கொழுப்பைக் காலமான பெரியவரும் பார்க்கட்டும் என்று வெண்டெலின் சற்று நகர்ந்து நின்றார்.

பிறகு தேநீர்.

"உங்களுக்குக் காடு இருக்காமே, தோவா சொன்னா," என்றார் லுவாங்.

"இருக்கு."*

"உங்களுக்குக் கடை எத்தனை?"

"இப்போதைக்கு ஒண்ணு."

அந்த 'இப்போதைக்கு' என்ற சொல்லுக்குள் இன்னும் மூன்று கடைகள் தெரிந்தன.

(* ஊர்ப் பொதுக்காட்டில் சிறிய பங்கு. இருக்கிறதா என்றுதான் கேட்டார். எவ்வளவு என்று கேட்கவில்லை.)

சிறிது நேரத்தில் லுவாங் எழுந்து பாளத்தட்டைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனார். ஞான் அம்மாள் கேக்கையும் பாலாடைக்கட்டியையும் எடுத்துப் போனார். அவர்தான் முதலில் திரும்பினார். தட்டுகளை ஒதீலியாவின் முன் வைத்தார். மூடிகள் மல்லாந்து கிடந்தன. கேக் பிய்க்கப்பட்டிருந்தது. பின்னிய கட்டிகள் பாதியில் பிடுங்கப்பட்டிருந்தன.

"இது என்ன?" என்றார் வெண்டெலின்.

"நம்ம தட்டுதான் பெரியப்பா," என்றான் ராடோவான்.

"கண்ணு தெரியுது எனக்கு. ஏன் திரும்பி வந்திருக்கு?"

ராடோவான் தோவாவைப் பார்த்தான். தோவாவின் முகம் வெளுத்தது. "எனக்குத் தெரியல பெரியப்பா. நான் பொறந்தது இங்க. இந்த மாதிரி ஒரு விசேஷத்தை நான் பாத்ததே இல்ல."

சமையலறைக்குள் 'தொம்' என்று ஒரு சத்தம். பிறகு முனகல். மறுபடியும் 'தொம்'.

வெண்டெலின் தொப்பியை எடுத்தார். எங்கள் குடும்பத்தில் மூத்தவர் எழுந்தால் எல்லோரும் எழ வேண்டும். எழுந்த வீட்டுக்கு மறுபடி போவதில்லை. இது ராடோவானுக்கும் தெரியும்.

5

இங்கே ஒரு தடை. ஞான் அம்மாளை எனக்கு எழுத வரவில்லை.

தட்டை வைத்துவிட்டு அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை முதல் வரைவில் ஏளனம் என்று எழுதினேன். அடித்தேன். பயம் என்று எழுதினேன். அதையும் அடித்தேன். மூன்றாவதில் அன்பு என்று போட்டேன். அது பின்னால் தெரிந்துகொண்டதை முன்னால் கொண்டுவந்து வைக்கும் ஏமாற்று. அந்த நேரத்தில் வெண்டெலினுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: அந்த அம்மாளின் நகக்கண்களில் எங்கள் வீட்டுக் கேக் ஒட்டியிருந்தது. அதற்கு மேல் எழுத எனக்கு உரிமை இல்லை.

6

ஒரு முடிவு எழுதிப் பார்த்தேன். வெண்டெலின் தொப்பியை மாட்டுகிறார். குடும்பம் எழுகிறது. தீயணைப்புப் படை தட்டுகளோடு இறங்குகிறது. ராடோவான் காரில் ஒரு வார்த்தையும் பேசுவதில்லை, அந்த நாளிலும், அதற்கடுத்த —

இரண்டு பக்கம் வந்தது. நன்றாகவே வந்தது. ஒதீலியாவிடம் படிக்கக் கொடுத்தேன்.

"நல்லாருக்கு அத்தான். ஆனா யாரு எழுந்தது?"

"குடும்பமே எழுந்தது."

"நான் எழுந்திருக்க மாட்டேன்."

"மூத்தவன் எழுந்தா எல்லாரும் எழணும்."

"எழணும்தான். நீங்க தொப்பியை எடுத்தப்பவே நான் நாற்காலியைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டேன். நீங்க எங்க பாத்தீங்க."

நான் பார்க்கவில்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளைக் கதையில் எழுப்பி நிறுத்துவது நியாயமாகப் படவில்லை. இரண்டு பக்கத்தையும் அடுப்பில் போட்டேன். போட்டதும் மனம் லேசானது என்பதையும் எழுதிவைக்கிறேன்.

7

தொப்பி கையில் இருக்க, வெண்டெலின் சமையலறைக் கதவைத் தள்ளினார். பாளத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு, ஒரே ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு வருவதாக எண்ணம். வாக்கியம் தயாராக இருந்தது. 'எங்கள் வீட்டுப் பொருள் உங்களுக்கு —'

(அன்று அதை முடிக்கவில்லை. இங்கேயும் முடிக்கப்போவதில்லை.)

லுவாங் கோட்டைக் கழற்றியிருந்தார். டை தோளுக்குப் பின்னால் கிடந்தது. முழங்கைவரை கொழுப்பு மின்னியது. பாளத்தை மேசை விளிம்பில் வைத்து, ஒரு முனையில் தன் முழு எடையையும் போட்டு அமுக்கிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் சுவரில் கத்திகள் வரிசையாகத் தொங்கின.

"வராதீங்க சம்பந்தி, தரை வழுக்குது."

"என்ன பண்றீங்க?"

"பிரிக்கிறேன்."

"எதுக்கு?"

ஏன் கை கழுவுகிறாய் என்று கேட்டவரைப் பார்ப்பதுபோல் லுவாங் பார்த்தார். "உங்களுக்குப் பங்கு தரணுமில்ல? பையன் வீடு கொண்டுவந்ததை முழுசா வாரி வச்சுக்கிட்டா எங்களை என்னன்னு நினைப்பீங்க? சோத்துக்கு இல்லாம பொண்ணைக் குடுக்கறோம்னா?"

வெண்டெலின் சுவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, "பின்னாடி கத்தி இருக்கே," என்றார்.

"கத்தி படக் கூடாது. கல்யாணச் சீரை வெட்டினா உறவும் வெட்டுப்படும். கையாலதான் பிரிக்கணும். எங்கப்பா காலத்துல கேக்கு, பழம், தேயிலைப் பொட்டலம். இந்த மாதிரி ஒரு மிருகத்தை யாரும் தூக்கிட்டு வந்ததில்ல."

"மூடி ஏன் மல்லாந்து கிடக்கு?"

"மூடித் தந்தா, போதும் கிளம்புங்கன்னு ஆயிடாதா?"

தோளிலிருந்து ஒரு மூட்டை இறங்கியதுபோல் இருந்தது. எங்கள் ஊரிலும் பன்றி அடித்த வீட்டிலிருந்தோ கல்யாண வீட்டிலிருந்தோ யாரையும் வெறுங்கையோடு அனுப்புவதில்லை. வெண்டெலின் வாழ்நாள் முழுவதும் பிறருக்குப் பொட்டலம் கட்டியவர். தனக்காகவும் ஒரு வீட்டில் ஒருவர் இப்படி மூச்சு வாங்கக் கட்டுவார் என்பது அவர் புத்தியில் பட்டதே இல்லை.

தொப்பியை ரைஸ் குக்கர் மேல் வைத்தார். கோட்டைக் கழற்றினார்.

"அப்படி அமுக்கினா கிறிஸ்துமஸ் வரைக்கும் ஆகாது. கைத்துண்டைச் சுத்திப் பிடிங்க. இந்தக் கயிறு கட்டின ஓட்டை இருக்கு பாருங்க, அங்கதான் தோலு விடும். இந்த முனை எனக்கு."

இருவரும் பாதத்தோடு பாதம் வைத்து இழுத்தார்கள். தோல் அசையவில்லை. மூச்சு வாங்க நின்றார்கள்.

"காடுன்னு சொன்னீங்களே," என்றார் லுவாங், "அதுல எந்த மரம் உங்களோடது?"

"அது யாருக்கும் தெரியாது. வருஷம் ஒரு தடவை எல்லாரும் கூடிச் சண்டை போடுவோம். ஒரு வண்டி விறகு வரும்."

லுவாங் சிரித்தார். "இந்தக் கடையில என்னோடதுன்னு அடிச்சுச் சொன்னா பூட்டு மட்டும்தான்."

"வாசல்ல அவ்வளவு பெரிய கார் நிக்குதே?"

"மச்சானோடது. நீங்க வர்றீங்கன்னு கேட்டு வாங்கி நிறுத்தினேன். இழுங்க."

இழுத்தார்கள்.

"எங்க பசங்க சீருடை பாத்தீங்களா?" என்றார் வெண்டெலின். "பூட்ஸ் எல்லாம் பக்கத்து ஊர்ப் படையோடது."

"அம்சமா இருந்துச்சு. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். தட்டு வாங்கின பொண்ணுங்கள்ல நாலாவது நின்னவ கல்யாணம் ஆனவ."

"எங்க அஞ்சாமவன் விவாகரத்து ஆனவன்."

"அப்ப சரியாப் போச்சு. இழுங்க சம்பந்தி."

தோல் ஓட்டையிலிருந்து கிழியத் தொடங்கியது. ஈரத் துணி கிழிவதுபோல் ஒரு நீண்ட சத்தம். பிறகு ஆளுக்கொரு துண்டு.

8

ஓட்டை நடுவில் இல்லை. ஆகவே துண்டுகள் சமமில்லை.

எங்கள் துண்டை ஞான் அம்மாள் சிவப்புத் துணியில் வைத்து, மூடியை மல்லாத்தி, தீயணைப்புப் படையிடம் தந்தார். நாங்கள் இறங்கும்போது யாரோ பாலுக்காகக் கடைக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். லுவாங் மாடி ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்து, "இன்னிக்கு ஞாயித்துக்கிழமை," என்று சொல்லிவிட்டு ஜன்னலைச் சாத்தினார். என் தாளில் அந்த வரியை இப்போது திருத்த வேண்டும். எப்படித் திருத்துவது என்று தெரியாமல் அப்படியே விட்டிருக்கிறேன்.

கல்யாணம் ஜூனில். வாசிப்பு வட்டத்துக்கு இந்தப் பின்பக்கத்தையே தரப்போகிறேன். யாருடைய நிலை மேல் என்று தலைப்பு கேட்கிறது. பெரிய துண்டு யார் கையில் நின்றதோ அவருடையது என்று வைத்துக்கொண்டால், யார் கையில் நின்றது என்பதை வாசகரே தீர்மானிக்கட்டும். எங்கள் வீட்டில் கேட்க வேண்டாம். அவர்கள் வீட்டிலும் கேட்க வேண்டாம். சொல்வதில்லை என்று இருவரும் பேசிக்கொண்டோம். முடிவு அவ்வளவுதான்.

ஒன்று மட்டும் பாக்கி. தோல் அறுந்த வேகத்தில் பெரியவர் பாளத்தோடு மல்லாக்க விழுந்ததாகவும், ரைஸ் குக்கர் அவர் தலையில் கவிழ்ந்ததாகவும் பவுலினா சொல்லிக்கொண்டிருக்கிறாள். பவுலினா அங்கே இல்லை. ரைஸ் குக்கர் இருந்த இடத்திலேயே இருந்தது. நான் விழவில்லை. உட்கார்ந்தேன்.