ஒன்பதாம் எண் பேருந்து தாமதமான நாட்கள்

ஹைக்கே ஓட்டும் பேருந்து ஒரு நிமிடம் தாமதமாகக் கிளம்பினால், டிராமில் வந்தவர்கள் எல்லோரும் ஏறிவிடுவார்கள். நேரத்துக்குக் கிளம்பினால் ஒருவர்கூட ஏற முடியாது. ஏன் இப்படி என்றுதான் அவளுக்குப் புரியவில்லை.

ஜெர்மனியின் ரூர் பகுதியில் ஒரு நகரம் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பது தெருப்பலகையைப் பார்த்தால்தான் தெரியும். எல்லைத்தெரு நிறுத்தத்தோடு மேற்கு நகரத்து டிராம் நின்றுவிடும். சாலையைக் கடந்தால் கிழக்கு நகரத்து ஒன்பதாம் எண் பேருந்து. நிறுவனங்கள் இரண்டு என்றாலும், ஒப்பந்தம் போட்டதிலிருந்து டிக்கெட் ஒன்று, அட்டவணைப் பலகையும் ஒன்று. டிராம் வருகை 7.14, பேருந்து புறப்பாடு 7.15. சாலையைக் கடக்க ஒரு நிமிடம் பிடிக்கும். காகிதத்தில் ஒரு குறையும் இல்லை.

ஆனாலும், ஓட்டுநர் முன்கூட்டியே கிளம்பிவிடுகிறார் என்று புகார் வந்து, ஹைக்கேயின் கைக்கு இரண்டு எச்சரிக்கைக் கடிதங்கள் வந்துவிட்டன. மூன்றாவது வந்தால் அவளை மாலைப் பணிக்கு மாற்றிவிடுவார்கள். அதிகாலைப் பணி இருப்பதால்தான் மதியம் ஒன்றரைக்கு மகள் லெனியைப் பள்ளியிலிருந்து கூட்டிவர முடிகிறது.

வியாழக்கிழமை அவளுக்கு விடுமுறை. ஏழு மணிக்கே எல்லைத்தெருவுக்குப் போய் நின்றாள். அன்று பேருந்தை ஓட்டியவள் அவளுடைய சக ஊழியர் நூர்ஜான். 7.15 ஆனதும் கதவை மூடிக் கிளம்பினாள். மருத்துவமனைச் சீருடையில் டிராமிலிருந்து இறங்கி ஓடிவந்த ஒருவர் பேருந்தின் பின்புறத்தில் தட்டிப் பார்த்துவிட்டு, நின்ற இடத்திலேயே மூச்சு வாங்கினார்.

டிராம் ஓட்டுநர் ஊடோ இறங்கி மூலைக்கடைக்கு வந்தார். ஹைக்கே அவருக்கும் ஒரு காப்பி வாங்கினாள்.

"உன் டிராம் லேட்டு, ஊடோ."

"எங்க ஊர் டிராம் லேட்டாகாது. உங்க ஊர் கால்பந்து அணி அடிக்கிற பந்தா அது, கோலுக்கு வழி தெரியாம சுத்தறதுக்கு?"

"பந்தை விடு. கடிகாரத்தைக் காட்டு."

டிராமின் கடிகாரத்தையும் அவள் கைபேசியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். ஒரு விநாடிகூட வித்தியாசம் இல்லை. ஹைக்கேவுக்குக் குழப்பம் இன்னும் கூடியது.

"நானும் சரி, நீயும் சரின்னா, ஓடி வந்தாரே, அந்த மனுஷன்தான் தப்பா?"

"நான் சரின்னு இதுல இருக்கு, பாரு." ஊடோ நேரங்கள் அச்சிட்ட தன் ஓட்டுநர் தாளை நீட்டினார்.

எல்லைத்தெரு, 7.14,7 என்றிருந்தது.

"இதென்ன கடைசியில ஒரு ஏழு?"

"நிமிஷத்தைப் பத்தாப் பிரிச்சா அதுல ஏழு பங்கு. நாப்பத்திரண்டு விநாடி. உங்க தாள்லயும் இருக்குமே."

"எனக்கு பதினஞ்சு, சைபர். ஆனா பலகையில உனக்கு வெறும் பதினாலுதான் போட்டிருக்கு."

"பலகை பயணிங்களுக்கு. அதுல மிச்சத்தை வெட்டிடுவாங்க."

வெட்டுவதற்குக் காரணம் இருக்கிறது. புறப்படும் நேரத்தில் விநாடிகளை வெட்டினால் பயணி கொஞ்சம் முன்னதாகவே வந்து நிற்பார், வண்டியைத் தவறவிடமாட்டார். வந்துசேரும் நேரத்தில் வெட்டினால், வராத வண்டி வந்துவிட்டதாகிவிடும். ஒப்பந்தம் போட்டபோது இரு நிறுவனங்களும் ஒன்றுக்கொன்று கொடுத்தது பயணிகளின் அட்டவணையை. ஓட்டுநர் தாளை அவரவர் வீட்டுச் சமாச்சாரம் என்று வைத்துக்கொண்டார்கள். கேட்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

ஹைக்கே காப்பிக் கோப்பையின் மூடியில் எழுதினாள். டிராம் வருவது பதினான்கு நிமிடம் நாற்பத்திரண்டு விநாடிக்கு. சாலையைக் கடக்க ஒரு நிமிடம். பயணி பேருந்துக் கதவருகே வரும்போது பதினைந்து நாற்பத்திரண்டு. அவள் பதினைந்துக்கே போய்விடுகிறாள்.

மதியம், தன் நிறுவனத்தில் அட்டவணை போடும் பெல்லிங்கின் மேசையில் ஊடோவிடம் வாங்கிய ஓட்டுநர் தாளையும் தன்னுடையதையும் வைத்தாள். அவர் அந்த 7.14,7-ஐ விரலால் தடவிப் பார்த்தார்.

"இத்தனை மாசமா இதை நாங்க பார்க்கவே இல்லையே."

"உங்ககிட்ட இருந்தாத்தானே பார்ப்பீங்க."

"ஒரு நிமிஷம் தள்ளலாம். ஆனா கடைசி நிறுத்தத்துல உங்களுக்கு இருக்கிற ஆறு நிமிஷ ஓய்வு அஞ்சாயிடும்."

"காப்பியை வேகமாக் குடிச்சுக்கறேன். அந்த ரெண்டு கடிதத்தையும் என் கோப்பிலிருந்து எடுத்துடுங்க."

பெல்லிங் கோப்பைத் திறந்து இரண்டையும் உருவினார். பிறகு மேற்கு நகரத்து அலுவலகத்துக்குத் தொலைபேசி போட்டார்.

திங்கட்கிழமை முதல் ஒன்பதாம் எண் எல்லைத்தெருவிலிருந்து 7.16-க்குப் புறப்படும். இனி இரு நிறுவனங்களும் ஒன்றுக்கொன்று ஓட்டுநர் தாளையே அனுப்பும்.