ஒரு முழம் மிச்சம்

வயரில்லாத அந்த டிரில், ஸ்ரீவத்சன் ரிடையரானதற்காக மகள் நீரஜா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது. அன்றிலிருந்து மயிலாப்பூர் வீட்டில் மனுஷருக்குக் கை சும்மா இருந்ததில்லை. ஆபீசில் பேனாவைத் தவிர எதையும் தூக்காதவர், ஆடாத ஸ்டூலைக்கூட ஆடுகிறது என்று சொல்லிப் பிரித்துப் போட்டார். மனைவி ஜெயலக்ஷ்மி சிரித்துக்கொண்டே மரத்தூளைப் பெருக்கினாள்.

குளியலறைக்குப் போகும் நடையில் பிடித்துக்கொள்ள ஒரு கட்டை அடியுங்கள் என்று மட்டும் அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். ஸ்டூலுக்கெல்லாம் நேரம் இருந்தது, அதற்குத்தான் இல்லாமல் போயிற்று. விஜயதசமியன்று காலை அந்த நடையில்தான் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் ஆயிற்று.

நாளைக்கு வீட்டுக்கு அழைத்துப் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தேக்குக் கட்டையை இழைத்து, வழவழவென்று உப்புத்தாள் போட்டு, மாட்டும் இரும்புப் பிடிகளும் வாங்கி வைத்தாயிற்று. சுவரில் ஓட்டை போட டிரில்லை எடுத்தால் மூச்சுப் பேச்சில்லை. சார்ஜரில் சொருகினால் சிவப்பு விளக்கும் எரியவில்லை.

ஆபீசில் பக்கத்து நாற்காலிக்காரராக இருந்த ஹபீபுர் ரஹ்மான், ஆழ்வார்பேட்டையிலிருந்து தன் டிரில்லைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். சுவரைத் தட்டினார். சுண்ணாம்பு பொலபொலவென்று கொட்டியது.

"இன்னா வத்சா, என் மிஷின் முரட்டு மிஷின். இங்க வெச்சா செவுரே கையோட வந்துடும். உன் சின்னதுதான் சரி. பேட்டரி செத்துடுச்சா?"

"சாவு கீவுன்னு பேசாதே ஓய்."

"சரிப்பா. ஒரே சந்தனமா கீதே, தொடச்சிட்டுப் பாப்போம்."

"தொடாதே!" ஸ்ரீவத்சன் பிடுங்கிக்கொண்டார். "ஆயுத பூஜைக்கு அவ கையால வெச்ச பொட்டு."

ரஹ்மான் கையை எடுத்துக்கொண்டார். "அப்ப அவங்களையே கேட்டுட்டு வா" என்றார்.

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரியில் விஷயத்தைக் கேட்டதும் ஜெயலக்ஷ்மி சிரித்தாள். சிரித்ததில் இடுப்பு வலித்தது.

"பேட்டரிக்கு அடியில பளபளன்னு மூணு தகடு இருந்துதே, அது மேலயும் அப்பிட்டேன். இன்னுமா தொடைக்கலை?"

"நீ இங்கே படுத்துண்டிருக்கச்சே, நீ வெச்ச பொட்டை நான் எப்படி அழிப்பேன்?"

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான் வரப்போறேனே. தொடைங்கோ. வந்து வேற வெச்சுக்கறேன்."

வீட்டுக்கு வந்து தகடுகளை மட்டும் சுரண்டித் துடைத்தார். மற்ற பொட்டுகளைத் தொடவில்லை. சொருகியதும் சிவப்பு விளக்கு எரிந்தது. கேசவப் பெருமாளுக்கும் மகளுக்கும் ரஹ்மானுக்கும் ஒரே மூச்சில் நன்றி சொன்னார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அது முழுசாகச் சார்ஜ் ஏற ராத்திரி பூராவும் பிடிக்கும். காலையில் ரஹ்மான் கட்டையைத் தாங்கிப் பிடிக்க, ஸ்ரீவத்சன் ஓட்டை போட்டார். பழைய செங்கல் சார்ஜைக் குடித்தது. நீளக் கட்டையை மாட்டி முடித்து, கடைசியில் சேர வேண்டிய சின்னத் துண்டுக்கு வந்தபோது டிரில் முனகிக்கொண்டே நின்றுபோனது. பேட்டரியை மறுபடி சார்ஜரில் போட்டார். வாசலில் டாக்சி வந்து நின்றது.

ஆபரேஷனுக்கென்று வந்து ஆஸ்பத்திரியில் கூடவே இருந்த நீரஜா ஒரு பக்கம் தாங்கிக்கொள்ள, ஜெயலக்ஷ்மி மறு கையால் கட்டையைப் பிடித்தாள். தடவிப் பார்த்தாள். பிறகு ஒவ்வொரு அடியாக எடுத்து வைத்தாள். குளியலறைக்கு ஒரு முழம் இருக்கையில் கட்டை முடிந்து, கை வெறும் சுவரில் பட்டது.

"இதோட சரியா?"

"சார்ஜ் தீர்ந்துடுத்து. இப்போ ஏறிண்டிருக்கு. நாளைக்குப் போட்டுடறேன்" என்று சொல்லி, ஸ்ரீவத்சன் அந்த இடத்தில் போய் நின்று கையை நீட்டினார்.

அவள் கட்டையை விட்டுவிட்டு அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த ஒரு முழத்துக்குக் கட்டை வேண்டாம்" என்றாள்.