லவோனா இன்னும் சுடவில்லை

1

ஒரு கேள்விக்குப் பதில் சொல்லாமல் தப்பிப்பதற்காக இந்தக் கதையை எழுதுகிறேன். அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பாதியில் நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்குத்தான் கேவலம்.

கேட்டவள் லவோனா. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள், என் நிலத்துக்குக் கீழ்ப்புறம் வீடு. போன வாரம் என் பிக்கப் வண்டியில் கையை ஊன்றி நின்றுகொண்டு, என் ஹிக்கரிக் கொட்டை மரத் தோப்பில் அணில் வேட்டைக்கு அனுமதி வேண்டும் என்றாள். ஏர்கன் வைத்துக்கொண்டு.

அணில் சுடுவதில் எனக்கு ஆட்சேபம் கிடையாது. அணில் கறியும் மாவும் பாலும் கரைத்த வெள்ளைக் குழம்பும் தின்று வளர்ந்த உடம்பு இது. கென்டக்கி மலைப்பக்கத்தில் வேறு எதைத் தின்று வளர்வது? ஆட்சேபமெல்லாம் அந்தக் காற்றுத் துப்பாக்கி மேல்தான். ஒழுங்கான துப்பாக்கி கொண்டு வா என்று சொல்லவும் வழியில்லை. தோப்புக்கு அந்தப் பக்கம் புதிது புதிதாக வீடுகள் வந்துவிட்டன. குறி தவறிய தோட்டா எந்தக் கூரையில் போய் இறங்கும் என்று யார் கண்டது? அதனால் நானே இப்போது சுடுவதில்லை. காற்றுத் துப்பாக்கியின் ரவை அவ்வளவு தூரம் போகாது. அதன் நல்ல குணம் அது. கெட்ட குணமும் அதுதான்: அடியில் வலு குறைவு.

சனிக்கிழமை சொல்கிறேன் என்று அவளை அனுப்பிவிட்டேன். நான் அதிகம் படித்தவனில்லை. ஆனால் ஒன்று தெரியும்: வாயால் சொன்ன பொய் காற்றோடு போய்விடும், எழுதின பொய் அங்கேயே உட்கார்ந்து நம்மைப் பார்க்கும். அதனால் எழுதிப் பார்க்கிறேன். கதையில் அவள் ஓர் அணிலையாவது அரைகுறையாக அடித்தால், நிஜத்தில் தோப்பு கிடையாது.

(கதையை எழுதுகிறவனும் தீர்ப்புச் சொல்கிறவனும் ஒரே ஆள் என்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். நானும் கவனித்தேன்.)

2

முதல் தொடக்கம்: "அதிகாலைப் பனி ஹிக்கரி இலைகளின் மேல் முத்து முத்தாக—"

அடித்துவிட்டேன். நான் பனியை அப்படிப் பார்த்ததே இல்லை. எனக்குப் பனி என்றால் காலுறை நனையும், அவ்வளவுதான்.

இரண்டாவது: "லவோனா நல்லவள், ஆனால்—"

இதுவும் வேண்டாம். நல்லவள் என்று ஆரம்பித்தாலே கழுத்தறுக்கப் போகிறேன் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும்.

மூன்றாவது: "தாடை உடைந்த அணில் ஒன்று—"

இது கதையில்லை, நடந்தது. போன இலையுதிர் காலத்தில் என் சமையலறைப் படிக்கட்டுக்கு வந்தது. கீழே எங்கே பார்த்தாலும் கொட்டைகள். ஒன்றை எடுக்கும், வாயில் வைக்கும், கடிக்க முடியாமல் போட்டுவிட்டு அடுத்ததை எடுக்கும். தீனிக்கு நடுவில் பட்டினி. நான் அதை முடித்துவைத்துத் தோலை உரித்துப் பார்த்தேன். தாடைக்குள் தட்டையாகிப்போன ஈய ரவை. யாரோ ஒருவனுடைய காற்றுத் துப்பாக்கி.

அன்றிலிருந்து அந்தச் சாமானைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இந்தக் கதையும் அந்த எரிச்சலில்தான் ஓடுகிறது. லவோனா அதற்குள் தெரியாமல் வந்து நிற்கிறாள்.

3

சரி, கதை.

லவோனா பெரிய ஹிக்கரியின் அடியில் முதுகு சாய்த்து உட்கார்ந்திருந்தாள். மேலேயிருந்து கொட்டைத் தோல் பொடிப்பொடியாக உதிர்ந்துகொண்டிருந்தது. சாம்பல் அணில் ஒன்று தாழ்ந்த கிளைக்கு இறங்கி வந்து பக்கவாட்டில் உட்கார்ந்தது. தலை ஒரு வால்நட் அளவுதான். நெஞ்சுப்பக்கம் அகலம். அவளுக்கு அப்பா எஸ்டிலின் ஞாபகம் வந்தது. எஸ்டில்* வாதம் வந்து விழுந்ததிலிருந்து எதையும் வாய்க்கு ருசியாகச் சாப்பிடுவதில்லை. அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: குழம்பில் வெந்த அணில் மண்டை. கரண்டிக் காம்பால் ஒரு தட்டு தட்டி, மூளையை எடுத்துச் சாப்பிடுவார். தலையில் சுட்டால் அது சிதறிப்போகும். நெஞ்சில் சுட்டால் முழுசாகக் கிடைக்கும். அவள் குறியை மெல்ல நெஞ்சுக்கு இறக்கினாள். விசையை—

இங்கே நிறுத்தினேன்.

பாத்திரம் தானாகவே நடந்தது, கையைப் பிடித்துத் தடுத்தது என்றெல்லாம் சொல்லும் எழுத்தாளர்களை நான் நம்புவதில்லை. நான் எழுதினால்தான் லவோனாவின் விரல் அசையும். அவளைத் தடுமாற வைக்க அவளுடைய அப்பாவையே கொண்டுவந்து முன்னால் உட்காரவைத்தது நான். காகிதம் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது. நிஜமான லவோனா அந்தக் கிளைக்கு முன்னால் என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியாது. தெரியாமலே எழுதுகிறேன்.

தொப்பியைப் போட்டுக்கொண்டு கீழே இறங்கி நடந்தேன்.

* எஸ்டில் என் வயசுக்காரன். இருவரும் ஒரே சுரங்கத்தில் வேலை பார்த்தோம். கதைக்குள் மட்டும்தான் அவனுக்கு 'ர்' போடுவேன்.

4

லவோனா தன் வீட்டுக்குப் பின்னால் துணி காயப்போடும் கயிற்றில் சோடா மூடிகளைக் கட்டித் தொங்கவிட்டுச் சுட்டுக்கொண்டிருந்தாள். அவள் கையிலிருந்தது பிள்ளைகள் தகர டப்பா சுடும் பொம்மைச் சாமான் இல்லை, கனமானது, மேலே தொலைநோக்கி வைத்தது. ஆனாலும் சத்தம் கனத்த புத்தகத்தை மூடியதுபோலத்தான் வந்தது. எஸ்டில் சக்கர நாற்காலியில் போர்வையோடு உட்கார்ந்து ஒவ்வொரு குறிக்கும் குறை சொல்லிக்கொண்டிருந்தான்.

நான் சுற்றி வளைக்கவில்லை. தலையில் சுடுவாயா, நெஞ்சிலா என்று கேட்டேன்.

"நெஞ்சுல சுடச் சொல்லு ஹெர்ஷல். எனக்கு மூளை வேணும்" என்றான் எஸ்டில்.

"உனக்கு மூளை வேணும்னு ஊருக்கே தெரியும்டா. நான் உன் மகளைக் கேட்டேன்."

லவோனா துப்பாக்கியைக் கீழே சாய்த்தாள். "தலையிலதான். இதுல நெஞ்சுல பட்டா சில சமயம் ஓடிடும் பெரியவரே. பொந்துக்குள்ள போய் மெதுவா சாகும். அதைச் சாப்பிடவும் முடியாது, மறக்கவும் முடியாது. அப்பா திட்டுவாரு. திட்டட்டும்."

"திட்டத்தான் போறேன்" என்றான் எஸ்டில்.

கதையில் நான் வைத்த பொறி அதோடு போயிற்று. ஆனால் என்னிடம் இன்னொன்று இருந்தது. தொலைநோக்கி குழலுக்கு மேலே உட்கார்ந்திருக்கிறது. தூரத்துக்குச் சரிசெய்து வைத்த குறி, மிகக் கிட்டத்தில் பொய் சொல்லும். கண்ணைப் பார்த்துச் சுடுவாய், ரவை கண்ணுக்குக் கீழே போய் இறங்கும். கண்ணுக்குக் கீழே என்ன இருக்கிறது? தாடை. என் படிக்கட்டுக்கு வந்த அணிலைச் சுட்டவன் கொடுமைக்காரன் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். ஒருவேளை அவனும் ஒழுங்காகத் தலைக்குத்தான் குறிவைத்தானோ என்னவோ. அணில் கிட்டத்தில் வந்து உட்கார்ந்ததும் இனித் தப்பவே தப்பாது என்று நினைத்திருப்பான். இந்தச் சாமான் வைத்திருக்கிறவன் சுலபமாகச் செய்யக்கூடிய தப்பு அது.

"கைக்கெட்டுற தூரத்துல வந்து உக்காந்தா என்ன பண்ணுவ?" என்றேன்.

உடனே பதில் வரும் என்று நினைத்தேன். இதை விற்கிறவர்கள், வாங்கினவர்கள் எல்லோரிடமும் எல்லாவற்றுக்கும் பதில் இருக்கும். அவள் என்னைக் கூட்டிக்கொண்டுபோய் வேலிப்பக்கம் காட்டினாள். கிட்டத்திலிருந்து சுட்ட காகிதத் தட்டுகள். ஓட்டைகள் எல்லாம் நடுவுக்குக் கீழே, ஒன்றுக்கொன்று ஒட்டாமல் சிதறிக் கிடந்தன.

"கிட்டக்க எங்க போகுதுன்னு எனக்கு இன்னும் பிடிபடல" என்றாள். "பிடிபடற வரைக்கும் கிட்ட வந்ததைச் சுடமாட்டேன்."

"சும்மா உக்காந்து பாத்துட்டு இருப்பியா?"

"ஆமா. காத்தடிச்சாலும் அப்படித்தான். பஸ் ஓட்டுறவ நான். வெள்ளம் ஏறின பாலத்துல எவ்வளவு ஆழம்னு தெரியலைன்னா வண்டிய நிறுத்திடுவேன். பின்னாடி உக்காந்திருக்கறதுங்க என்ன கத்தினாலும் சரி."

தெரியும் என்று சொன்ன ஆட்களைச் சந்தேகப்பட்டே என் ஆயுசு போயிற்று. தெரியாது என்று சொல்லும் ஆளை எப்படிச் சந்தேகப்படுவது என்று எனக்குப் பழக்கமில்லை.

5

திரும்பி வந்து கதையின் முடிவுகளை வரிசையாக எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: லவோனா சுடுகிறாள், அணில் அடிபட்டுப் பொந்துக்குள் போய்விடுகிறது, நான் தோப்பைச் சாத்துகிறேன். (இது என் எரிச்சல் எழுதியது.)

இன்னொன்று: ஒரே ரவை, அணில் கிளையிலிருந்து சத்தமில்லாமல் விழுகிறது, எஸ்டில் மண்டை இல்லாத குழம்பை வழித்து வழித்துச் சாப்பிட்டுவிட்டு— (இது துப்பாக்கிப் பெட்டியின் மேல் அச்சடித்திருக்கும் கதை. எஸ்டில் திட்டாமல் சாப்பிட்டான் என்றால் நீங்களும் நம்பாதீர்கள்.)

காற்றுத் துப்பாக்கி சின்ன வேட்டைக்கு ஏற்றதா, இரக்கமான ஆயுதமா என்று இதற்குள் என்னைக் கேட்டிருப்பீர்கள். அந்த இரும்பிடம் இரக்கம் இல்லை. மற்ற துப்பாக்கி கொஞ்சம் தப்பை மன்னிக்கும், இது மன்னிக்காது. அதனால் இதைத் தூக்குகிறவள் பாதி நேரம் சுடாமல் இருக்கத் தெரிந்தவளாக இருக்க வேண்டும். அப்படிப்பட்டவளுக்கு ஏற்றதாக இருக்கலாம். இந்த 'லாம்' வரை நான் இறங்கி வந்ததே பெரிது. அதற்கு மேல் என்னிடம் எதிர்பார்க்காதீர்கள்.

6

இன்று சனிக்கிழமை. விடிவதற்கு முன்னால் போய்த் தோப்பு வாசல் சங்கிலியிலிருந்து பூட்டைக் கழற்றிவிட்டு வந்தேன். லவோனா உள்ளே போனதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தலையசைத்தாள். நானும் அசைத்தேன்.

இப்போது நன்றாக வெயில் ஏறிவிட்டது. கதைக்கு ஒரு முடிவு வேண்டும், அது தோப்புக்குள் இருக்கிறது. மற்ற துப்பாக்கியாக இருந்தால் இங்கே உட்கார்ந்தபடியே எனக்குக் கேட்டிருக்கும். இந்தச் சனியனின் சத்தம் வேலியைக்கூடத் தாண்டாது. சுட்டாளா, சுடாமல் விட்டாளா, எனக்குத் தெரிய வழியில்லை. கதையை எழுதுகிறவனுக்கே தெரியவில்லை என்றால் கொஞ்சம் அவமானம்தான். உங்கள் காது என்னுடையதைவிட நன்றாக இருந்தால், நீங்கள் கேட்டுச் சொல்லுங்கள்.

ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறேன். இரும்புச் சட்டியைக் கழுவி அடுப்பின் மேல் வைத்தாயிற்று, மாவும் எடுத்தாயிற்று. அவள் வெறுங்கையோடு வந்தால் முட்டை பொரித்துக் கொடுப்பேன். அடுத்த சனிக்கிழமையும் பூட்டைக் கழற்றி வைப்பேன்.